எல்லாம் வாயுவல்ல: பித்தப்பை நோயின் அறிகுறிகள்

இரவு சாப்பிட்டுப் படுத்தவர் சாமத்தில் எழுந்து உட்காருகிறார். நெஞ்சுக்குழிக்குக் கீழே கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி. வலப்பக்க விலாவின் கீழும் வலிக்கிறது, முதுகுக்கும் போகிறது. வீட்டார் விழித்துக் கொள்கிறார்கள். "வாயுதான், வேறொன்றுமில்லை" என்கிறார் ஒருவர். இன்னொருவர் உள்ளியைச் சுட்டுக் கொடுக்கிறார். இஞ்சி இடிபடுகிறது, ஓமத்தண்ணீர் வருகிறது, கடை திறந்திருந்தால் சோடாவும் வரும். இரண்டு மணி நேரத்தில் வலி தானாகவே தணிந்து விடுகிறது. இஞ்சிக்குப் புகழ் கிடைக்கிறது. மறுநாள் எல்லோரும் அதை மறந்து விடுகிறார்கள், அடுத்த முறை வரும்வரை.

இஞ்சியைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கிலே ஐம்பது வயதை அண்மித்த ஒரு தாய் இருந்தார். திருநாள் விருந்தோ கலியாண வீடோ, எங்கே நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் உண்டாலும் அன்றிரவு அவருக்கு வயிற்றுக்குத்து வந்துவிடும். என்னிடமும் ஒருநாள் சொன்னார். "வாயுவாக இருக்கும் அம்மா, இஞ்சித் தேநீர் குடித்துப் பாருங்கள்" என்றேன். சுவாமி சொன்னார் என்பதற்காகவே அவர் இன்னும் எட்டு மாதம் பொறுத்திருந்தார். பிறகு கண் மஞ்சளித்தது. செங்கண்மாரி என்று மூன்று கிழமை கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தார். ஒருநாள் மாலை உடல் நடுநடுங்கக் காய்ச்சல் கண்டு, நினைவு தடுமாறிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நோயிற்பூசுதல் அளிக்க என்னை அழைத்தபோது அவருடைய நெற்றி நெருப்பாய்ச் சுட்டது. பித்தப்பையிலிருந்த கல்லொன்று நழுவிப் பித்தக்கானை அடைத்து, அடைபட்ட இடத்திலே சீழ் பிடித்திருந்தது. அவர் பிழைத்துக் கொண்டார்; ஆனால் ஐந்து கிழமை படுக்கையிற் கிடந்தார். வீடு திரும்பிய பின் "சுவாமி, என்ர பேரைப் போடாமல் இதைப் பேப்பரில ஒருக்கா எழுதுங்கோ" என்று கேட்டவரும் அவரே. கொஞ்சம் பிந்தித்தான் எழுதுகிறேன்.

நான் வைத்தியனல்லன். நூல்களிற் படித்ததையும் வைத்திய நண்பர்களிடம் கேட்டறிந்ததையும் உங்களுக்குத் தருகிறேன். வீட்டிலிருந்தபடியே நோயைத் தீர்மானித்துவிட எவராலும் முடியாது. ஆனால் 'வாயு' என்ற சொல்லை எப்போது விட்டுவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்கலாம்.

ஈரலின் கீழே ஒரு சிறு பை

கோழி ஈரலைத் துப்புரவு செய்யும்போது அதில் ஒட்டியிருக்கும் பச்சைநிறப் பையை உடையாமல் வெட்டி எறிவதை அடுப்படியிற் கண்டிருப்பீர்கள். அது உடைந்தால் கறி முழுவதும் கசக்கும். நமக்கும் அப்படியொரு பை உண்டு. வலப்பக்க விலாவெலும்புகளுக்கு உள்ளே, ஈரலின் அடிப்பாகத்தோடு ஒட்டியிருக்கிறது; பேரிக்காய் உருவம்; 7 முதல் 10 சென்ரிமீற்றர் நீளம். முப்பது முதல் ஐம்பது மில்லிலீற்றர் வரை கொள்ளும்.

பித்தநீரை உண்டாக்குவது இந்தப் பையன்று, ஈரலே. பலரும் இங்கே மயங்குவர். ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தநீர் ஈரலிற் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிவிட்டு, கட்டியாக்கிச் சேமித்து வைப்பதே பித்தப்பையின் வேலை. நாம் கொழுப்புள்ள உணவை உண்டதும், அது இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலை அடைகிறது. உடனே குடலின் சுவரிலிருந்து ஓர் ஓமோன் குருதியிற் கலந்து பித்தப்பைக்குச் செய்தி கொண்டு போகிறது. பை சுருங்குகிறது; பித்தநீர் பித்தக்கான் வழியாகக் குடலில் இறங்கி, சவர்க்காரம் எண்ணெய்யைக் கரைப்பதுபோலக் கொழுப்பைக் கரைக்கிறது. கொழுப்பை உண்டபின் ஏன் இந்த வலி வருகிறது என்பதற்கான விடை இந்தச் சுருக்கத்திலேயே இருக்கிறது.

நம் பேச்சு வழக்கிலுள்ள 'பித்தம்' வேறு. தலைச்சுற்றையும், வெறுவயிற்றில் வரும் குமட்டலையும், கசப்பான மஞ்சள் வாந்தியையும் "பித்தம் கூடிவிட்டது" என்போம். வெறுவயிற்றோடு பலமுறை வாந்தியெடுக்கும் எவருக்கும் கடைசியில் மஞ்சள் நீர் வரத்தான் செய்யும். அதை மட்டும் கொண்டு பித்தப்பையிற் கோளாறு என்று சொல்ல முடியாது.

கல் எவ்வாறு உண்டாகிறது?

பித்தநீரிலே கொலஸ்திரோல் கரைந்திருக்கிறது. சிதைந்த செங்குருதிக் கலங்களிலிருந்து வரும் மஞ்சள் நிறப்பொருளும் இருக்கிறது. இவற்றுள் ஒன்று அளவுக்கு மிஞ்சினாலோ, பை சரியாக வெறுமையாகாமல் பித்தநீர் தேங்கினாலோ, அடியிற் படிவு உண்டாகிறது. படிவு மணலாகி, மணல் கல்லாகிறது. சிலருக்கு ஒரே கல். சிலருக்குக் கடுகு மணிபோல நூற்றுக்கணக்கில். பெரிய கல்லைவிடச் சிறிய கல்லே சில வேளைகளில் ஆபத்தானது. ஏனெனில் அது நழுவிக் கானுக்குள் இறங்கக் கூடியது.

பெண்களுக்கு இது ஆண்களைவிடக் கூடுதலாக வருகிறது. கர்ப்ப காலத்தில் ஓமோன்களின் மாற்றத்தால் பித்தநீரிற் கொலஸ்திரோல் கூடுகிறது, பையின் சுருக்கமும் மந்தமாகிறது; ஆகவே பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கு வாய்ப்பு அதிகம். நாற்பது வயதைக் கடந்தோர், உடல் பருத்தோர், நீரிழிவுள்ளோர், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் ஆகியோரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். குறுகிய காலத்தில் உடல்நிறையை வெகுவாகக் குறைத்தவர்களுக்கும் கல் உண்டாகும். தலசீமியா போன்ற குருதி நோயுள்ள பிள்ளைகளுக்குச் செங்கலங்கள் மிகையாகச் சிதைவதால் இளவயதிலேயே கரிய கற்கள் தோன்றலாம். இவ்வளவும் சொன்னபின் ஒன்றையும் சொல்ல வேண்டும்: மெலிந்த இளைஞனுக்கும் பித்தக்கல் வரும். "அவன் ஈர்க்குப்போல இருக்கிறான், அவனுக்கு எங்கே பித்தக்கல்!" என்ற பேச்சை நம்பி எவரும் இருந்துவிட வேண்டாம்.

பயப்படவும் வேண்டாம். கல்லுள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. வேறொரு காரணத்துக்காக ஸ்கான் செய்யும்போது தற்செயலாகத் தெரிய வரும். தொல்லை தராத கல்லை வைத்தியர்கள் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வலி தொடங்கிய கல்லின் கதைதான் வேறு.

ஒரு புனிதரின் வயிற்றுவலி

இந்த வலி எப்படியிருக்கும் என்பதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஒருவரையே சாட்சியாக அழைக்கலாம். இயேசுசபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் தம் வரலாற்றைச் சொல்ல, அதை ஒரு சகோதரத் துறவி எழுதி வைத்தார். பாரிஸ் நகரிலே கல்வி கற்ற காலத்தைப் பற்றிய பகுதியில் தம் வயிற்றுவலியை அவர் விபரமாகச் சொல்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். வந்தால் ஒரு மணி நேரம் நீடிக்கும், காய்ச்சலும் காணும். ஒருமுறை மட்டும் பதினாறு பதினேழு மணி நேரம் விடாமல் வலித்தது. பல மருந்துகள் பார்த்தும் பலனில்லை. சொந்த ஊர்க் காற்றுத்தான் மருந்து என்று வைத்தியர்கள் கைவிட்டுவிட, 1535இல் தம் பிறந்த மண்ணுக்குப் புறப்பட்டார்.

அக்காலத்தில் எல்லோரும் அதை இரைப்பை நோய் என்றே கொண்டார்கள். அவருக்கு மேலும் இருபது ஆண்டுகள் அந்த வலி வந்து வந்து போயிற்று. 1556ஆம் ஆண்டு ஆடி மாதம் 31ஆம் திகதி உரோமையில் அவர் இறந்தபின், அக்காலத்தின் பெயர்பெற்ற உடற்கூற்று வல்லுநரான றெயால்டோ கொலம்போ அவருடைய உடலைப் பரிசோதித்தார். சிறுநீரகம், நுரையீரல், ஈரல், ஈரலுக்குச் செல்லும் பெருநாளம் ஆகியவற்றில் எண்ணற்ற பல நிறக் கற்களைத் தாமே கையால் எடுத்ததாக 1559இல் வெளியான தமது நூலிற் குறித்திருக்கிறார். முதன்மையான நோய் பித்தக்கல்லே என்பது இக்காலத்தில் இதை ஆராய்ந்த வைத்தியர் பலரின் கருத்து.

இஞ்ஞாசியார் தந்த இரண்டு எண்களையும் கவனியுங்கள்: ஒரு மணி நேரம், பதினாறு மணி நேரம். பித்தப்பை நோயை இனங்காண வேண்டுமாயின் மணிக்கூட்டைப் பார்க்கப் பழக வேண்டும்.

வலியின் குணங்கள்

பை சுருங்கும்போது கல்லொன்று அதன் வாயில் வந்து இறுகுகிறது. பை அதைத் தள்ளப் பார்க்கிறது, முடியவில்லை. இதுவே வலி. உண்டபின் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தொடங்குவது வழக்கம். இரவில் நித்திரையிலிருந்து எழுப்புவதும் உண்டு. மெல்லத் தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே நின்றுவிடும். விட்டுவிட்டு முறுக்குகின்ற குடல்வலியைப் போல அல்லாமல் இறங்காமல் ஒரே சீராக வலிக்கும். கல் பின்னுக்கு நழுவியதும் வலி தணியும். இதற்கு அரை மணி நேரமும் ஆகலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். அதற்குமேல் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றுமே இராது. இந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றுகிறது.

இடம் எது? வலப்பக்க விலாவின் கீழே என்று நூல்கள் சொல்லும். ஆனால் பலருக்கு மேல்வயிற்றின் நடுவில், நெஞ்சுக்குழிக்குக் கீழேயே வலி தெரிகிறது. அதனால்தான் இரைப்பை என்று எண்ணிவிடுகிறோம். அங்கிருந்து வலத் தோட்பட்டை எலும்பின் அடிக்கோ, இரு தோட்பட்டைகளுக்கும் நடுவே முதுகுக்கோ செல்லும். "முன்னாலும் பின்னாலும் சேர்த்து ஒருவர் நெரிப்பதுபோல" என்று அந்தத் தாய் எனக்குச் சொன்னது இதைத்தான். குமட்டல் உண்டு, வாந்தியும் உண்டு. ஆனால் வாந்தியெடுத்தாலும் வலி குறையாது. ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும், அமிலத்தைத் தணிக்கும் குளிசையை விழுங்கினாலும், புரண்டு படுத்தாலும் குறையாது. வாயுவென்றால் இவற்றுள் ஏதாவதொன்றில் ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். நெஞ்செரிவென்றால் புளித்த நீர் தொண்டைக்கு வரும், குனிந்தால் கூடும். சிறுநீரகக் கல்லென்றால் வலி விலாவின் பின்புறத்தில் தொடங்கி அடிவயிற்றை நோக்கி இறங்கும். பித்தக்கல்லின் வலி மேல்நோக்கி முதுகுக்கு ஏறும்.

இறைச்சிக் கறி, பொரித்த ரோல்ஸ், கொத்துரொட்டி, தேங்காய்ப்பால் கூடிய கறிகள் ஆகியவற்றுக்குப் பின் வலி வருகிறதா என்று பாருங்கள். ஆயினும் கொழுப்பு உண்ணாத நாளிலும் வலி வரலாம்; "இன்று கஞ்சிதானே குடித்தேன், ஆகவே இது அதுவல்ல" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாப்பிட்டபின் வயிறு ஊதுதல், ஏப்பம், மந்தம் ஆகியவை மட்டும் இருந்து, நான் சொன்ன வலி இல்லாதிருந்தால் அதற்குப் பித்தக்கல் காரணமாயிருப்பது அரிது. கல்லை அகற்றிய பின்னும் இவை தொடர்ந்திருந்து மனம் சலித்தவர்கள் உண்டு.

இத்தகைய வலி இரண்டு முறை வந்திருந்தால், தற்போது சுகமாக இருந்தாலும், வரும் கிழமையிலேயே வைத்தியரைக் காணுங்கள். இது அவசரமில்லாத கட்டம். ஆறுதலாக நடக்கக் கூடிய காலம். இந்தக் காலத்தைத்தான் நாம் இஞ்சியிற் கழித்து விடுகிறோம்.

ஆறு மணி நேரம் கடந்தால்

வலி ஐந்தாறு மணி நேரத்தையும் தாண்டித் தொடர்ந்தால் கல் வாயில் இறுகிவிட்டது, பை வீங்கி அழற்சி கண்டுவிட்டது என்று பொருள். இப்போது காய்ச்சலும் வரும். வலி வலப்பக்க விலாவின் கீழே வந்து குடிகொள்ளும். தொட்டால் நோகும், வாகனம் பள்ளத்தில் விழுந்து குலுங்கினாலும் நோகும். முன்பு வலியில் நிலைகொள்ளாமல் நடந்து திரிந்தவர் இப்போது அசையாமல் கிடப்பார். ஆழ்ந்து மூச்செடுக்க அஞ்சுவார். வைத்தியர் வலப்பக்க விலாவின் கீழே கையை வைத்து "மூச்சை இழுங்கள்" என்பார். வீங்கிய பை கீழிறங்கி அவருடைய விரலில் முட்டியதும் நோயாளியின் மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். சிக்காகோ நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் மேர்பி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கிய சோதனை இது. ஸ்கான் வந்துவிட்ட இந்நாளிலும் வைத்தியர்கள் இதைக் கைவிடவில்லை. வீட்டில் நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகும் வழியில் ஆகாரம் எதுவும் கொடுக்காதீர்கள்.

கல் பையைவிட்டு நழுவிப் பித்தக்கானை அடைத்தால் பித்தநீர் குடலுக்கு இறங்க வழியின்றிக் குருதியில் கலக்கிறது. கண்ணின் வெண்மை மஞ்சளாகுமுன்னரே சலம் கடுந்தேயிலைச் சாயம்போலக் கறுக்கும். மலம் நிறமிழந்து வெளிறிக் களிமண்போல வரும். உடலெல்லாம் கடிக்கும், சொறியச் சொல்லும். இதைச் செங்கண்மாரி என்று நாம் அழைப்பது தவறன்று. ஆனால் செங்கண்மாரி பல காரணங்களால் வரும் ஓர் அறிகுறி. கிருமியினால் ஈரல் வீங்கி வருவதும் உண்டு, கான் அடைபட்டு வருவதும் உண்டு. முன்னது ஓய்வெடுத்தாற் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். அதனால்தான் நாட்டு மருந்துக்கு இவ்வளவு பெயர். அடைபட்ட கானை எந்தப் பச்சிலையும் திறக்காது. எனவே கண் மஞ்சளித்த எவரும் முதலிற் குருதிச் சோதனையும் ஸ்கானும் செய்து காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். பத்தியம் காப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

வலி, மஞ்சள், குளிர்நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தால் நேரத்தை எண்ண வேண்டியதில்லை. இந்த மூன்றின் சேர்க்கையைப் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் சார்க்கோ 1877இலேயே எடுத்துக் காட்டினார். அடைபட்ட கானிற் கிருமி பெருகிக் குருதியிற் பரவுகிறது என்பதே இதன் பொருள். சில மணி நேரத்தில் குருதியமுக்கம் வீழ்ந்து, நினைவு தடுமாறும். நான் நோயிற்பூசுதல் அளித்த தாய் இந்தக் கட்டத்திலேயே இருந்தார்.

வலியே இல்லாமல் மஞ்சள் மெல்ல மெல்ல ஏறி, உடலும் மெலிந்தால் அது இன்னொரு வகை. சுவிற்சர்லாந்தின் கூர்வாசியே என்ற நிபுணர் 1890இல் இதை ஆராய்ந்தார். வலியற்ற மஞ்சளோடு பித்தப்பையும் வீங்கிக் கையிற் தட்டுப்பட்டால் காரணம் கல்லாக இருப்பது அரிது. சதையியின் தலைப்பகுதியிலோ கானிலோ புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். வலி இல்லையே என்று மகிழ்ந்திருக்க இடமில்லை.

சதையியின் கான் பித்தக்கானோடு சேர்ந்தே குடலில் திறக்கிறது. அந்த இடத்திற் கல் இறுகினால் சதையி அழற்சி கொள்ளும். மேல்வயிற்றில் தாங்கவொண்ணா வலி முதுகை ஊடுருவும், நோயாளி முன்னோக்கிக் குனிந்து உட்கார்ந்திருப்பார், வாந்தி நில்லாது. இதுவும் உயிருக்கு உலை வைக்கும் நோயே.

மறைந்து வரும் நோயும், மாறுவேடமிட்ட நோயும்

முதியோரிடமும் நீரிழிவுக்காரரிடமும் இந்த விதிகள் செல்லாமற் போவதுண்டு. பை அழுகும் நிலையிலும் அவர்களுக்குக் காய்ச்சல் இராது. வலி சொற்பமாக இருக்கும். "அப்பு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, ஒருமாதிரி இருக்கிறார்" என்பதே முழு அறிகுறியாக இருக்கலாம். வீட்டிலுள்ள பிள்ளைகள் அவருடைய கண்ணையும் சலத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரின் மேல்வயிற்று வலியையும் "பிள்ளை உதைக்கிறது" என்று தள்ளிவிடக் கூடாது. பிரஷர் ஏறி ஈரலைத் தாக்கும் கர்ப்பகால நோயும் இதே இடத்தில் வலிக்கும்.

மாரடைப்பு மிகுந்த கவனத்துக்குரியது. நெஞ்சுக்குழியில் வலி, குமட்டல், வியர்வை ஆகியவற்றோடு மாரடைப்பு வயிற்றுவலி போல வருவதுண்டு. பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் குறிப்பாக. முன்பு பித்தக்கல் இருப்பதாகச் சொல்லப்பட்டவருக்கு ஒருநாள் மாரடைப்பு வந்தால், வீட்டார் "அதே வலிதான்" என்று இருந்துவிடுவார்கள். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, நடந்தாற் கூடும் வலி ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே ஈ.சீ.ஜீ. எடுக்க வேண்டும். வயிறா இருதயமா என்ற சந்தேகம் வந்தால் இருதயமென்றே எண்ணிப் புறப்படுங்கள்.

எப்படிப் புறப்படுவது? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். விடியட்டும், மகன் வேலையால் வரட்டும், அயலவரின் வாகனம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் இஞ்ஞாசியாரின் கடைசி மாலை என் நினைவுக்கு வருகிறது. 1556 ஆடி 30ஆம் திகதி அவர் தம் செயலாளரான பொலாங்கோ அடிகளை அழைத்து, பாப்பரசரிடம் சென்று தமக்காக ஆசீர் பெற்று வரும்படி கேட்டார். ஸ்பெயினுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள் பொலாங்கோவின் மேசையிற் கிடந்தன. நாளைக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். நாளையைவிட இன்றே விருப்பம், ஆனாலும் உம் எண்ணப்படி செய்யும் என்றார் புனிதர். வைத்தியர்களும் ஆபத்தொன்றும் காணவில்லை. இரவு உணவின்போது கதைத்துக் கொண்டுமிருந்தார். மறுநாள் விடியலில் அவரை மரணத் தறுவாயிற் கண்டார்கள். பொலாங்கோ பாப்பரசரிடம் ஓடிப்போய்த் திரும்புவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பொலாங்கோ கவலையற்றவரல்லர், மிகுந்த அன்புள்ளவர். பல முறை வந்து பல முறை தணிந்த நோயாகையால் இம்முறையும் தணியும் என்று எண்ணினார். நம் வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது.

படத்தில் ஒன்றும் தெரியவில்லையே!

"எக்ஸ்றே எடுத்தார்கள், கல்லில்லையாம்" என்று நிம்மதியோடு சொல்வோர் உண்டு. பித்தக்கற்களிற் பெரும்பாலானவை சாதாரண எக்ஸ்றே படத்தில் தெரியமாட்டா. நூற்றில் பத்துப் பதினைந்துதான் தெரியும். இதற்குரிய சோதனை கேளா ஒலியலை கொண்டு செய்யும் ஸ்கான். அதில் நோவுமில்லை, கதிர்வீச்சுமில்லை, கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். பையிலுள்ள கல்லை அது பெரும்பாலும் தவறாமற் காட்டும். பித்தக்கானிலுள்ள கல்லை அவ்வளவு நிச்சயமாகக் காட்டாது. அதற்கு வேறு சோதனைகள் தேவைப்படலாம்.

கத்திக்குப் பயந்தே பலர் சோதனைக்குப் போகாமலிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 1882ஆம் ஆண்டு ஆடி மாதம் 15ஆம் திகதி பேர்ளினில் இலாசரு வைத்தியசாலையிலே கார்ள் லங்கன்பூக் என்பவர் பித்தப்பையை முதன்முதலாக முழுமையாக அகற்றினார். நோயாளிக்கு வயது 43. பல ஆண்டுகள் வலியிற் கிடந்தவர். அவர் சுகம் பெற்றார். கல்லை மட்டும் எடுத்தால் அதை உண்டாக்கும் பை மீண்டும் உண்டாக்கும் என்பது லங்கன்பூக்கின் நியாயம். இன்றும் அதுவே நியாயம். சரியாக 110 ஆண்டுகளின் பின், 1992 ஆடி 15ஆம் திகதி, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்கு உரோமையிற் குடலிலிருந்த கட்டியை அகற்றிய அதே சிகிச்சையிற் கல்லிருந்த பித்தப்பையும் அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 72. 1995 தை மாதம் கொழும்பு காலிமுகத்திடலில் யோசேவ் வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டமளிக்க வந்தபோது அவரைக் கண்ணாரக் கண்ட வாசகர்கள், பித்தப்பையில்லாத ஒரு மனிதரையே கண்டார்கள்!

1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹே என்பவர் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துவாரங்களின் வழியே கருவியைச் செலுத்திப் பையை அகற்றும் முறையைத் தொடங்கி வைத்தார். இன்று இதுவே வழக்கம். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பை இல்லாவிட்டாலும் ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேயிருக்கும்; அது நேராகக் குடலில் வடியும். சிலருக்குச் சிறிது காலம் மலம் இளகிப் போகும். எல்லாச் சத்திரசிகிச்சையையும் போல இதிலும் அரிதாகச் சிக்கல்கள் நேருவதுண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நோயற்ற நேரத்தில் நாள் குறித்துச் செய்வதற்கும், பை சீழ்பிடித்தபின் நள்ளிரவிற் செய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

ஒலிவ எண்ணெய்யும் எலுமிச்சம்புளியும் குடித்துக் கல்லைக் கழுவி வெளியேற்றலாம் என்று சொல்வோர் உண்டு. குடித்தபின் பச்சை உருண்டைகள் வெளியேறுவதும் உண்மைதான். குடித்த எண்ணெய் குடலிற் சவர்க்காரம்போலத் திரண்டதால் வந்த உருண்டைகள் அவை. பித்தக்கல் பையிலேயே இருக்கும். பெருமளவு எண்ணெய் பையைச் சுருங்கச் செய்து கல்லைக் கானுக்குள் தள்ளிவிடவும் கூடும். சிறிய கற்கள் சிலவற்றைக் கரைக்கும் குளிசை ஒன்றுண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, மாதக்கணக்காக வேண்டும், விட்டபின் கல் மீண்டும் வரலாம். கொழுப்பைக் குறைத்து உண்டால் வலி வரும் தடவைகள் குறையும், கல் குறையாது. தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போருக்கு ஒரு வார்த்தை: ஒரு நாள் உபவாசத்தால் கல் உண்டாகாது. ஆனால் கல் உள்ளவர்கள் நாள் முழுவதும் வயிற்றைக் காயவிட்டு, பாஸ்கா இரவில் இறைச்சிக் கறியோடு முறித்தால் வலியை அழைத்ததாகும். நோயாளிகளை உபவாசக் கடமை கட்டுப்படுத்தாது.

வைத்தியரிடம் போகும்போது வலி வந்த திகதி, தொடங்கிய மணி, தணிந்த மணி, அன்று உண்டது, வலி சென்ற இடம், காய்ச்சல் இருந்ததா, சலத்தின் நிறம் என்ன என்பவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. "வயிற்றுக்குத்து டொக்டர்" என்ற இரு சொற்களோடு திரும்பினால் வாயுக் குளிசையோடுதான் வருவீர்கள். அந்தத் தாயின் மகள் இப்போது தன் வலியை ஒரு கலண்டரில் குறித்து வருகிறாள். ஸ்கானுக்கு நாள் கிடைத்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகாரமின்றிச் செல்ல வேண்டும். காலையிற் பால்தேநீரும் கூடாது. குடித்தால் பை சுருங்கிவிடும், கல்லிருந்தாலும் சரியாகத் தெரியாது.